சத்தம் போடாமல் மூழ்கியவள்

என் நாத்தனார் தூங்கும்போதும் மிதப்பாள். மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் விரித்து, மோவாயைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துக்கொண்டு. என் வீட்டுக்காரர் இராப்பணிக்குப் போகும் நாட்களில் அவளும் நானும் ஒரே கட்டிலில் படுப்போம். விடிவதற்குள் என்னைத் தரையில் தள்ளியிருப்பாள். காலையில் சண்டைக்குப் போனால், "நான் எங்க அண்ணி தள்ளினேன்? நீங்கதான் கரையோரமாப் படுத்திருந்தீங்க" என்பாள். அவளுக்குக் கட்டிலுக்கும் கரை உண்டு.

ஊர் நீச்சல் குளத்தின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது எங்கள் வீடு. குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரரின் வேலை. அதற்கு முன் அது என் மாமனாரின் வேலை. நான் வாசலில் துண்டும் துணி வைக்கும் பெட்டிச் சாவியும் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். என் நாத்தனார் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். ஊரில் அவளுக்கு மீன் டீச்சர் என்று பேர். நடக்கத் தெரிவதற்கு முன்பே நீந்தினாள் என்று மாமியார் சொல்வார். மாமியார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மைதான். தரையில் அவள் நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். செருப்பு எப்போதும் ஒரு அளவு பெரிது, கதவு நிலையில் இடித்துக்கொள்வாள், படியில் தடுக்குவாள். தண்ணீரில் இறங்கிவிட்டால் அதே உடம்புதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

பெண் பார்க்க வந்தவர்கள் அவள் தலைமுடியில் மருந்து வாடை அடிக்கிறது என்றார்கள். குளத்தில் போடும் மருந்து அது. கல்யாணத்துக்கு அப்புறம் குளத்துப் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார்கள். அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "கரையிலேயே எவ்வளவு நேரந்தான் இருக்கறது, கால் வலிக்குமே" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கோபத்தோடு சொல்லவில்லை. எதையுமே அவள் கோபத்தோடு சொன்னதில்லை. இந்த வீட்டுக் கோபத்தை எல்லாம் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருப்பவள் நான்.

காலை வகுப்பு நேரத்தில் அந்தக் கூடத்தைப் பார்க்க வேண்டும். உயரத்து ஜன்னல்களில் கண்ணாடி பழசாகிப் பச்சை ஏறியிருக்கும். அது வழியாக வரும் வெயில் தண்ணீரில் விழுந்து, மேலே திரும்பி ஏறி, கூரை முழுக்க வலை வலையாக அசையும். கீழே குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதறும்போது மேலே அந்த ஒளியும் உதறும். எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரென்றால் முழங்காலுக்கு மேல் பயம். ஆனாலும் ஜன்னலில் உட்கார்ந்து அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். யாராவது துண்டு கேட்டால்தான் நினைவு வரும். அப்படியே எத்தனையோ வருஷம் போய்விட்டது.

புதிதாகப் பிள்ளைகள் சேரும் நாளில் பெற்றவர்களை வரிசையாக உட்காரவைத்து அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "தண்ணியில முங்கற பிள்ளை கத்தாது. கையைத் தூக்கி ஆட்டாது. மூச்சு விடவே வாய் பத்தாது, அப்புறம் எங்க கத்தறது? சத்தம் போடற பிள்ளையை விடுங்க. சத்தமில்லாத பிள்ளையைப் பாருங்க." எனக்கே மனப்பாடம் ஆகிவிட்ட பாடம் அது.

அந்த வருஷம் ஊர்த் தலைவர் தேர்தல் வந்தது. குளத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்தும் இடம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. நின்றவர்களில் யாரும் அதை மறுக்கவில்லை. அவர்களுக்குப் பேச நேரம் ஏது, எல்லோரும் வித்தை காட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிக் கம்பெனிக்காரர் கிரேனில் இடுப்பைக் கட்டித் தொங்கிக்கொண்டு, மாடி வீட்டு ஜன்னல்களில் எட்டிப் பார்த்து ஓட்டுக் கேட்டார். குளித்துக்கொண்டிருந்த ஒருவர் ஓட்டுக்குப் பதில் வாளித் தண்ணீரைக் கொடுத்தார். இன்னொருவர் நெருப்பு வளையத்துக்குள் மோட்டார் சைக்கிளில் பாய்ந்தார். அப்புறம் அவருடைய சுவரொட்டியில் புருவம் இருந்தது, அவருக்கு இல்லை. பள்ளிக்கூடம் நடத்துகிறவர் சர்க்கஸ் சிங்கத்தின் கூண்டுக்குள் நின்று பேசினார். சிங்கம் தூங்கிவிட்டது. அவர் பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் வராது?

இவர்களுக்கு நடுவே மருந்துக்கடைக்காரர் நின்றார். நல்ல மனிதர். அவர் வாழ்நாளில் உரக்கச் சொன்ன ஒரே வார்த்தை 'சாப்பாட்டுக்கு அப்புறம்' என்பதாகத்தான் இருக்கும். அவர் தெருவில் போனால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அவருடைய மச்சினன் மெத்தை விளம்பரங்கள் எடுக்கிறவன், அவன்தான் அவரைத் தேர்தலுக்கு இழுத்துவந்தான். ஊர் செத்துக்கொண்டிருக்கிறது என்று காட்ட அவரைச் சவப்பெட்டியில் படுக்கவைத்துக் கடைத்தெருவில் இறக்கினான். ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் மூடியின் மேல் காய்கறிப் பையை வைத்துவிட்டு, சில்லறை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒரு சாயங்காலம் மாமனும் மச்சினனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மச்சினன் பேசினான், மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் கூட்டம். பழைய படகுத்துறையில் மேடை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஆற்றின் மேற்புறம் எங்கிருந்தோ ஒரு பெண் தண்ணீரில் அடித்துக்கொண்டு வருவாள், கத்துவாள், கையை ஆட்டுவாள். அவர் மேடையிலிருந்து குதித்துக் காப்பாற்றுவார். பக்கத்தில் ஒரு படகு தயாராக இருக்கும். அந்தப் பெண் நன்றாக நீந்தத் தெரிந்தவளாக இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. இவ்வளவுதான் யோசனை. உங்கள் மாமாவுக்கு நீந்தத் தெரியுமா என்று நான் மச்சினனைக் கேட்டேன். தெரியும் என்று மருந்துக்கடைக்காரர் மெல்லச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் அது மருந்துச் சீட்டில் சரியாகப் படிக்க முடியாத எழுத்தாக இருந்தது.

குளத்தை இடிக்க விடமாட்டீர்களே என்று மட்டும் என் நாத்தனார் கேட்டாள். அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "விடமாட்டேன் டீச்சர். இது என் வாக்கு" என்றார். அவள் சரி என்றுவிட்டாள்.

அவர்கள் போனபிறகு நான் குதித்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றேன், அரசியல்வாதி வாக்கும் ஆற்றங்கரை மணலும் ஒன்றென்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஈரத்தலையை உலர்த்தினாள். ஆழந்தான் எனக்கு நல்லாத் தெரியுமே அண்ணி என்றாள். குளம் போய்விட்டால் தான் எங்கே போவது என்று கேட்டாள். இந்தப் பெண்ணைத் தரையில் வைத்துக் காப்பாற்ற எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மெத்தென்று போய்க்கொண்டிருந்தது. பஞ்சு மாதிரி ஒரு வெயில். எதிர்க்கரை மரங்கள் பாதி புகைக்குள் நின்றன. மருந்துக்கடைக்காரர் ஒலிபெருக்கியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் தூரத்தில் யாரோ தாலாட்டுவது போலிருந்தது. கூட்டம் குறைவு, வந்தவர்களும் கொட்டாவி விட்டார்கள். நான் படித்துறையில் நின்று மேற்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். கத்தவில்லை. கையை ஆட்டவில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து திறந்து மூடியது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கின. கண்கள் எதையும் பார்க்கவில்லை. முடி முகத்தில் விழுந்திருந்தது, அதை ஒதுக்கவும் இல்லை. அப்படியே மேடைக்கு முன்னால் மெல்ல மிதந்து போனாள். ஊரே பார்த்தது, ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. யாரோ குளிக்கிறார்கள் என்று நினைத்து ஒரு பெரியவர் அவளைப் பார்த்துக் கையசைக்கக்கூடச் செய்தார். எனக்கு நடிப்பென்று தெரியும். தெரிந்தும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நான் திட்டியபோது, "எனக்கு வேற மாதிரி முங்க வரலை அண்ணி. பிள்ளைங்ககிட்ட இத்தனை நாள் சொன்னதுக்கு மாறா எப்படிச் செய்யறது?" என்றாள். ஊரை ஏமாற்றப் போன இடத்திலும் பாடத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுக்க அவளால் முடியவில்லை.

கரையில் மச்சினன் தவித்தான். கத்தலுக்காகக் காத்திருந்த மாமா இன்னும் சாக்கடை வசதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் மச்சினனே, "யாரோ முங்கறாங்க, யாரோ முங்கறாங்க" என்று அலறிக்கொண்டு ஆற்றைக் காட்டினான். மருந்துக்கடைக்காரர் திடுக்கிட்டார். படிப்பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் குதிப்பதாக ஏற்பாடு. பதற்றத்தில் படகு கட்டும் பக்கம் குதித்துவிட்டார். அங்கே ஆழம்.

ஜனங்கள் கை தட்டினார்கள். அவர் மேலே வந்தார். வாய் திறந்து மூடியது, சத்தம் இல்லை, கைகள் தண்ணீரை அமுக்கின. சற்று முன்னால் பார்த்த அதே காட்சி. எல்லோரும் அவர் நீந்துவதாக நினைத்தார்கள். ஆற்றோடு கீழே வெகுதூரம் போய்விட்டிருந்த என் நாத்தனார் ஒருத்திதான் திரும்பிப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பார்த்தவுடன் தண்ணீருக்குள் போய்விட்டாள். ஆற்றின் போக்குக்கு எதிராக அடியிலேயே வந்திருக்கிறாள். அடியில் வெளிச்சம் தேநீர் நிறத்தில் இருந்ததாம். கைதட்டல் மழை பெய்கிற மாதிரி மேலே எங்கோ கேட்டதாம். அவருடைய கால்கள் மேலே தொங்கிக்கொண்டு, ஒரு செருப்பு மட்டும் கழன்று மெதுவாகக் கீழே இறங்கி வந்ததாம். அது அத்தனை அழகாக இருந்தது அண்ணி என்றாள்.

இடுப்பைப் பிடித்து அவரை மேலே தள்ளினாள். அவர் அவள் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். படகு வந்தது. அந்த நேரத்துப் படம்தான் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஒரு பெண்ணை இறுக அணைத்துத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு மேல் நிற்கும் வேட்பாளர். அடியில் உதைத்துக்கொண்டிருந்த கால்கள் யாருடையவை என்பது படத்தில் இல்லை. அவர் இருமினார், மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்தது. மனம் உருகி அழுகிறார் என்றார்கள். அவர் ஜெயித்துவிட்டார்.

மீன் டீச்சர் முங்கின டீச்சர் ஆனாள். தன்னையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாதவள் நம் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவாள் என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட முடியுமா? நேரே சொன்னால்கூடத் தேவலை. எங்கள் ஊர்த் தாய்மார்களுக்கு மரியாதை தெரியும். ஒருத்தி பிள்ளைக்குச் சளி என்றாள், ஒருத்தி பரீட்சை என்றாள். முதலில் வகுப்பை விட்டு நின்றது தையல்காரம்மாவின் பெண். அவளுக்குக் காதுவலி. காதுவலிக்காரி அடுத்த நாள் தெருவில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போனாள். நான் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று துடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவர்கள், பழி உனக்கா என்றேன். என் நாத்தனார் தலையை ஆட்டினாள். பொய்யில் தனக்கும் பாதி இருக்கிறது என்றாள், அவர் வாக்கைக் காப்பாற்றட்டும் என்றாள்.

காப்பாற்றினார். அதுதான் கொடுமை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். குளத்தை இடிக்கவில்லை, கூரையைப் பழுது பார்த்தார், புதுக் கல் பதித்தார். ஆனால் இத்தனை செலவு செய்த குளத்துக்கு ஊர் நம்புகிற ஆசிரியர் வேண்டும் என்று அவரைச் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். வெளியூரிலிருந்து சான்றிதழும் அகன்ற தோளும் உள்ள ஒரு பயிற்சியாளர் வந்தார். என் நாத்தனாரை வேலையை விட்டு அனுப்பவில்லை. எனக்குத் துணையாகத் துண்டு ஜன்னலில் உட்காரவைத்தார்கள்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டு மடித்தாள். விரல் நுனிகள் முதல்முறையாக உலர்ந்து, சுருக்கம் போய், வேறு யாருடையவோ போலிருந்தன. தலையில் மருந்து வாடை குறைந்துகொண்டே வந்தது. அந்த வாடைக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒருநாள் தான் கண்ட கனவைச் சொன்னாள். குளத்தில் வகுப்பு எடுக்கிறாளாம். பிள்ளைகள் எல்லாம் தண்ணீர் இருப்பதே தெரியாமல் அடித்தரையில் நடந்து போகிறார்களாம், பேசிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு. இவள் மட்டும் மேலே மிதந்தபடி கூப்பிடுகிறாளாம். யாருக்கும் கேட்கவில்லை என்றாள். கட்டிலில் இப்போது என்னைத் தள்ளுவதில்லை. ஒருக்களித்து, கையைக் காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். எனக்கு அழுகை வந்தது.

பழுது பார்த்து முடித்த குளத்தை முறைப்படி திறந்துவைக்கிற நாள். ஊரே கூடத்துக்குள் இருந்தது. ஆழமான பக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் நாடாவை வெட்டினார், வழக்கம்போல் யாருக்கும் கேட்காமல் பேசினார். உடனே மச்சினன் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டான். அன்றைக்கு ஆற்றில் இருமியதை எல்லாம் மாமாவின் நடிப்பென்றே அவன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான். ஆற்றையே வென்ற தலைவர் இப்போது முதல் ஆளாக நீந்திக் குளத்தைத் தொடங்கிவைப்பார் என்று அறிவித்துவிட்டான். கூட்டம் கை தட்டத் தொடங்கியது. தட்டல் ஒரே தாளத்துக்கு வந்தது. குதிங்க தலைவரே, ஆத்துல குதிச்சவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று யார் யாரோ சொன்னார்கள்.

அவர் சட்டையைக் கழற்றி மச்சினனிடம் கொடுத்தார். விளிம்பில் போய் நின்றார். கால்விரல்கள் புதுக் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தன. கூரையில் ஒளி அசைந்தது, அவர் முகத்திலும் அசைந்தது. சாகப்போகிறவனின் முகம் அது. எனக்கு மனசு குளிர்ந்தது, அதை மறைப்பானேன். குதிக்கட்டும், ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

என் நாத்தனார் மடித்த துண்டைக் கீழே வைத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொடங்கின ஆட்டம், அவரே ஆடி முடிக்கட்டும் என்றேன்.

"அவருக்கு நீந்தத் தெரியாது அண்ணி" என்றாள், எனக்குத் தெரியாததைச் சொல்வது போல. கையை விடுவித்துக்கொண்டு போனாள்.

பெரிய செருப்பு டப்டப்பென்று அடிக்க, பாதி வழியில் ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் நின்றாள். கைதட்டல் அங்கங்கே நின்றது. வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"இந்தப் பக்கம் ஆழம் சார். முதல் நாள் நான் யாரையும் இங்க இறக்க மாட்டேன். அப்படி வாங்க."

மச்சினன் ஒலிவாங்கியை வாய்க்கு முன்னால் பிடித்தபடி நின்றான், அதில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. மருந்துக்கடைக்காரர் சிரித்து மழுப்பியிருக்கலாம். கால்வலி என்று சொல்லியிருக்கலாம், எங்கள் ஊரில் அதற்கெல்லாம் பழக்கம் உண்டு. அவர் அவளையே பார்த்தார். அப்புறம் குளத்தின் நீளம் முழுவதும் அவள் பின்னாலேயே நடந்து வந்தார், முதல் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் வருகிற மாதிரி.

ஆழமில்லாத பக்கத்துப் படியில் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவள் உடுத்திய துணியோடு இறங்கினாள். தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டபோது அந்தத் தடுக்குகிற நடை போய்விட்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் நாத்தனாரைப் பார்த்தேன். மூச்சை இழுக்கச் சொன்னாள், முகத்தை நனைத்துக் குமிழி விடச் சொன்னாள். விட்டார். அவர் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து மெல்ல மல்லாத்தினாள். காது இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டால் தான் பேசுவது எவ்வளவு உரக்க இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. எந்த மேடையிலும் எழும்பாத அவர் குரல் கூடம் முழுக்க எழும்பியது.

"விட்டுடாதீங்க டீச்சர். அன்னிக்கு ஆத்துல என்னைப் பிடிச்சுத் தூக்குனீங்களே, அதே மாதிரி பிடிச்சுக்குங்க."

கூரை அதை வாங்கி மூலைக்கு மூலை திருப்பிக் கொடுத்தது. கேட்காதவர் ஒருத்தர் இல்லை. கேட்டது தெரியாதவர் அவர் ஒருவர்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார்.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்" என்றாள். "மோவாயைத் தூக்குங்க."

ஒருவரும் கை தட்டவில்லை. அப்புறம் என் ஜன்னலுக்கு முன்னால் யாரோ வந்து நின்றார்கள். தையல்காரம்மா. என் முகத்தைப் பார்க்காமல் ஒரு துண்டு கேட்டாள். யாருக்கு என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"பொண்ணுக்கு" என்றாள். "டீச்சர்கிட்ட போகணுங்கறா."

காதுவலி சரியாகிவிட்டதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.